ஆறாவது பை

இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. அது எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிக்க, நிலவியலாளர் ரோவீனா அந்த வீட்டிலிருந்து ஆறு பைகளில் மண்ணும் தூசியும் எடுத்து வந்திருந்தாள். வழக்கம்போல் பைகளில் எண் மட்டும்தான். வீட்டுக்காரர் பெயர் கிடையாது.

பழைய ஈயச் சுரங்கத்தைச் சுத்தம் செய்யும் இடத்தில், கொட்டகைக்குள் டெல்மர் ஒவ்வொரு பையாக ஈயம் அளக்கும் கருவியில் வைத்தான்.

"மொத அஞ்சு பையும் சுத்தம், பாஸ்."

"தோட்டத்து மண்ணு, ஜன்னல் தூசி எல்லாம் அதுல முடிஞ்சுது. அடுத்ததைப் பாரு."

ஆறாவது பைக்கு அளவு எகிறியது. "இது எங்க எடுத்தது?"

"கார் மேட்ல."

"அப்ப நம்ம ஆளுதான். பூட்ஸை இங்க கழட்டாம கார்ல ஏறியிருக்கான். ஒரு நாள் குளிக்காம கிளம்பினேன்னு என்னை கேட்லயே நிறுத்தி மானத்தை வாங்கினீங்க. அவனை மட்டும் எப்படி விட்டீங்க? பேரைச் சொல்லுங்க, அந்தத் தடியனை நான் பாத்துக்கறேன்."

ரோவீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"தோண்டுறவங்களுக்குத்தான் அந்த விதின்னு இருந்துட்டேன், டெல்மர். சாயங்காலம் பாப்பாவைக் கூட்டிட்டு வரணும். உன் காரைக் குடு."