மாடிக்குத் தனிப் படிக்கட்டு

"எங்க வீட்டுல என்னைக்கும் ஒரே உலைதான்" என்று கல்யாண மேடைகளிலெல்லாம் முழங்கும் தணிகாசலம், புது வீட்டு வரைபடத்தை மறுபடியும் திருத்தி வாங்கிவந்து விரித்தார். தம்பி மனைவி மங்கை விரலால் தடவிப் பார்த்தாள். சென்ற முறை மாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு படிக்கட்டு முளைத்திருந்தது; வத்தல் காயப்போட வசதி என்றார். இப்போது மாடியில் ஒரு சமையலறையும் தனி மின்மீட்டரும்.

"இது எதுக்கு மாமா?"

"விசேஷம்னா நாலு பேர் வருவாங்கல்லம்மா. எல்லாம் உங்க வசதிக்குத்தான்."

அவள் கணவன் வழக்கம்போல் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டினான்.

"ரொம்ப வசதியாத்தான் இருக்கு மாமா. அப்ப மாடியில நீங்களும் அக்காவும் இருந்துக்குங்க. கீழ நாங்க பாத்துக்கறோம்."

தணிகாசலம் வரைபடத்தைச் சட்டென்று சுருட்டினார்.

"பாத்தியாடா தம்பி," என்றார் குரல் தழுதழுக்க, "உன் பொண்டாட்டி குடும்பத்தைப் பிரிக்கப் பாக்கறா."