எடுத்த சத்தம்

"நீங்க எடுத்த கோளாறைத் திருப்பி வச்சுக் குடுங்க."

தையல்கடைக்காரர் சொன்னதைக் கேட்டு மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"எதை?"

"அதாங்க, இன்ஜின்ல டிக் டிக்னு ஒரு சத்தம் வந்துட்டிருந்துச்சே. அது."

ஷெட்டின் தகரக் கூரையிலிருந்த ஓட்டை வழியாகச் சாயங்கால வெயில் இறங்கி, பெட்ரோல் டாங்க் மேல் சொகுசாகப் படுத்திருந்தது. நாற்பது வயசு மோட்டார் சைக்கிள். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டி, மூன்று நாளைக்கு முன்னால்தான் திருப்பிக் கொடுத்திருந்தார் மெக்கானிக். புது பிஸ்டன், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், உதைக்காமலே கிளம்ப செல்ஃப் ஸ்டார்ட், புது சைலன்ஸர்.

அந்த டிக் டிக்கைப் பிடிக்கத்தான் ரொம்பப் பாடுபட்டார். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எது முனகுகிறது என்று சொல்லிவிடுவார். கடைத்தெருவில் அவருக்குப் பெயரே ஸ்டெதஸ்கோப்தான்.

"வீட்டுல நான் கூப்பிட்டா மட்டும் அந்தக் காது அடைச்சுக்கும்" என்பாள், ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் உட்காரும் அவர் மனைவி.

எடுத்த கோளாறையே திருப்பிக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது.

"ஏங்க, நான் ஒரு சட்டையை எடுத்துட்டு வந்து, தச்சது பிரமாதம், தோள்ல மட்டும் கொஞ்சம் பிரிச்சு விடுங்கன்னா நீங்க சும்மா இருப்பீங்களா?"

"பிரிச்சு விட்டுடுவேன். போட்டுக்கப் போறது நீங்கதானே!"

மெக்கானிக் ஸ்பேனரை மறுபடி கையில் எடுத்தார்.

"பிரேக் நல்லாருக்கு, ஸ்டார்ட்டிங் நல்லாருக்கு. அதெல்லாம் இருக்கட்டும். சத்தம் மட்டும் பழையபடி வரணும். மூணு நாளா..." தையல்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "மூணு நாளா கண்டுக்கவே மாட்டேங்கறாங்க."

"யாரு?"

"தினமும் ஆறு மணிக்கு ஒரு தெரு வழியாப் போவேன். மாடியில..." நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சொன்னா சிரிப்பீங்க. ஆறு மணிக்குள்ள முடிஞ்சுடுமா?"

மெக்கானிக் விறுவிறுவென்று கவுன்டருக்குப் போனார்.

"கேட்டியா? மாடியில யாரோ இருக்காங்களாம். சத்தம் போட்டாத்தான் பார்க்கறாங்களாம். தலை நரைச்சாச்சு, வீட்டுல பெண்டாட்டி இருக்கா, இந்த வயசுல இது தேவையா?"

"மெதுவாப் பேசுங்க. பழைய சைலன்ஸர் வேணுமா, வேண்டாமா?" எதையும் தூக்கிப் போடாத அந்தப் புண்ணியவதி, அலமாரிக்கு அடியிலிருந்து அதை இழுத்துப் போட்டாள்.

வேண்டா வெறுப்பாகத்தான் செய்தார். சைலன்ஸரை மாட்டினார். வால்வுத் திருகை ஓர் இம்மி தளர்த்தினார். ஓர் இம்மி தளர்ந்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது, அவர் மானம்தான் போகும். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தார். டிக்... டிக்... டிக். வந்துவிட்டது சனியன்.

தையல்கடைக்காரர் முகம் மலர்ந்துபோனது.

"இதேதான்! நீங்களும் ஏறுங்க, சரியா இருக்கான்னு பார்த்துடலாம்."

"போய்ட்டு வாங்க" என்றாள் மனைவி. கண்ணாலேயே, 'யாருன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க' என்றும் சொன்னாள்.

மரங்கள் இரு பக்கமும் சாய்ந்து நின்ற தெரு. வெயில் இலைகளுக்குள் புகுந்து, நடுத்தெருவில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. வண்டி முதல் கியரில் அதன் மேல் ஊர்ந்தது. டுக்டுக் என்று ஒரு பெரிய சத்தம், அதற்குள்ளே டிக் டிக் என்று ஒரு குட்டிச் சத்தம். கேட்கக் கேட்க மெக்கானிக்குக்கே கண் சொக்கியது. இதையா மூன்று வாரம் திட்டினோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

சட்டென்று சுதாரித்து மாடிகளை நோட்டம் விட்டார். பெண் யாரையும் காணோம்.

"அதோ" என்றார் தையல்கடைக்காரர்.

ஒரு மாடி வராந்தா. கம்பிகளுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி. சுவரோரம் சாத்திவைத்த வெள்ளைக் கைத்தடி. கைகள் மடியில் கிடந்தன.

தையல்கடைக்காரர் இரண்டாவது கியருக்கு மாற்றினார். சத்தம் பெரியவரை எட்டியது. முகம் நிமிர்ந்தது. இரண்டு கைகளும் மடியை விட்டு மெல்ல மேலே வந்து, காற்றில் எதையோ பற்றின. இடது கை விரல்கள் மடங்கின. வலது மணிக்கட்டு திரும்பியது. வலது பாதத்தின் நுனி ஒரு தடவை அசைந்தது.

மெக்கானிக் குனிந்து தையல்கடைக்காரரின் வலது காலைப் பார்த்தார். இந்தப் பழைய வண்டிக்கும் கியர் மிதி வலது பக்கம்தான்.

"வண்டி அவரோடதுங்க" என்றார் தையல்கடைக்காரர், பாதி தலையைத் திருப்பி. "கண்ணு போனப்புறம் என்கிட்ட குடுத்தார். தினமும் ஒருதடவை இந்த வழியா வாங்கன்னு மட்டும்தான் கேட்டார். வண்டி ஷெட்ல இருந்த வரைக்கும் ரிப்பேர்னு சொல்லி வச்சிருந்தேன். இந்த மூணு நாளா நான் போறது அவருக்குத் தெரியவே இல்லை. கையை மடியிலயே வச்சிருந்தார். பார்க்கவே மனசு தாங்கலைங்க."

மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது. மனைவியிடம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இப்போது நாக்கில் கசந்தது. மாடியிலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

தையல்கடைக்காரர் மூன்றாவது கியருக்கு மாற்றக் காலைத் தூக்கினார். மெக்கானிக் அவர் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"இருங்க, அவசரப்படாதீங்க. அவர் இன்னும் ரெண்டாவது கியர்லதான் இருக்கார்."