தலைவர் வீட்டு முழுக்கு

அவர் இன்னும் செருப்பைக் கழற்றவில்லை.

கையில் அம்மாவின் சாம்பல். மண் கலயம், வாயில் மஞ்சள் துணி. கீழே, கடைசிப் படியை நனைத்துக்கொண்டு ஆறு.

ஆறு என்று சொல்வது நம் பெருந்தன்மை. ஊர்க் கழிப்பறையெல்லாம் ஒன்றுகூடி, கறுத்து நுரைத்துப் போகிற வழி அது.

இந்தப் படித்துறையில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் அம்மா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குளித்த இடமாம். படுத்த படுக்கையாகி, பல வருடம் ஆற்றைப் பார்க்காதவள். மகன் நகராட்சித் தலைவராக இருந்து சுத்திகரிப்பு நிலையம் திறந்ததைப் படுக்கையிலேயே கேட்டுப் பூரித்தவள். ஊர்ச் சாக்கடையெல்லாம் அங்கே தெளிந்துதான் ஆற்றுக்கு வரும் என்று மகன் சொன்னதை நம்பினாள். அவள் ஒருத்திதான் நம்பினாள்.

திறப்பு விழாவில் ஓடிய மோட்டார் அதற்குப் பிறகு ஓடவில்லை. கரண்ட் இழுக்கிறதாம். நிலையத்துக்கு வந்த சாக்கடையை ஒரு குழாய் போட்டு நேராக ஆற்றுக்குத் திருப்பிவிட்டார். தற்காலிகம் என்றார். அந்தத் தற்காலிகத்துக்குக் கல்யாண வயசாகிவிட்டது.

"இடுப்பளவு எறங்கோணுமுங்க. கரைச்சுப்போட்டு மூணு முழுக்கு," என்றார் சடங்கு செய்ய வந்தவர்.

தலைவர் கலயத்தை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு நகராட்சிக்குப் போன் போட்டார். ஒரு மணி நேரம் அந்தக் குழாயை அடைத்து வைக்கச் சொன்னார். அதட்டலாகத்தான் சொன்னார். பதவி போனாலும் தொண்டை போகவில்லை.

"அத அடைக்க முடியாதுங்க தலைவரே. அதுக்குக் கதவே வெக்கலீங்க. கதவு எதுக்குன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

எல்லோர் காதிலும் விழுந்தது. போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். ஊர் கேட்க வேண்டும் அவருக்கு. ஊர் கேட்டது.

பங்காளிகள் வானத்தைப் பார்த்தார்கள். மைத்துனர், கேன் தண்ணீர் வாங்கி வந்து பக்கெட்டில் கரைத்துவிடலாமா என்று முனகினார். அதற்கும் சரியென்று தலையாட்டினார் தலைவர். தூ.

அவருடைய தங்கை நாகரத்தினம் மேல்படியிலிருந்து இறங்கி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். அண்ணன் கையிலிருந்த கலயத்துக்குக் கை நீட்டினாள்.

கொடுத்துவிட்டார். எவ்வளவு சுலபமாகக் கொடுத்தார்.

பெண்கள் கரைப்பதில்லை என்று யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தாங்கள் இறங்க வேண்டிவரும்.

இடுப்பு வரை போனாள். கலயத்தைக் கவிழ்த்தாள். சாம்பல் நுரையின் மேலேயே தங்கி நின்றது. இரண்டு கையாலும் அழுத்திக் கரைத்தாள். பிறகு முழுகினாள், தலை மறைய, மூன்று முறையும்.

மேலே வந்தபோது உறவுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பார்க்க மரியாதை போலத்தான் இருந்தது.

இறங்காதவர்கள் தலையில் அந்தத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டால்தான் தீட்டு கழியும். அது அவர்கள் வீட்டு முறை. அவள் இரண்டு கைகளையும் குவித்து அள்ளி வந்திருந்தாள். விரலிடுக்கில் கறுப்பாகச் சொட்டியது.

அண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"குனியுங்கண்ணா. இதுல அம்மா இருக்கறா."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் குறுக்கே வரவில்லை.

வாயை இறுக மூடிக்கொண்டார். பிறகு கண்களை.