யார் முதலில் விடுவது?

"நான் பிடிச்சதை நான் விடமாட்டேன் சார். அவங்களை விடச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரி தன் தேநீர்க் கோப்பையை இறுகப் பிடித்திருந்தாள்.

"நான் மட்டும் எதுக்கு விடணுமாம்? கேட்டுச் சொல்லுங்க சார்," என்றாள் எதிரே இருந்த பின்னல்காரி. அவள் பிடியில் இன்னொரு கோப்பை.

நடுவில் மாட்டிக்கொண்ட குழுத் தலைவருக்குத் தலை சுற்றியது. வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கோப்பையை வைத்துப் பிரச்சினையை விளக்கச் சொன்னதும் அவர்தான்.

"எனக்குப் புரிஞ்சதைச் சொல்றேன். நம்ம வர்ச்சுவல் மெஷின்ல, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற கம்ப்யூட்டர்ல, ஒரே நேரத்துல பல வேலை ஓடுது. ஒரு வேலை ஒரு பொருளோட விவரத்தைத் தொடணும்னா, நடுவுல வேற எதுவும் கைவைக்காம அதைப் பூட்டிக்கும். ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு விவரத்தை மாத்தணும்னா ரெண்டையும் பூட்டணும். ஆனா ஒரு வேலை ஒரு பொருளைப் பிடிச்சுக்கிட்டு மத்ததுக்குக் காத்திருக்கு, இன்னொரு வேலை அந்த மத்ததைப் பிடிச்சுக்கிட்டு முதல் பொருளுக்குக் காத்திருக்கு. காலையிலேர்ந்து மெஷின் சிலை மாதிரி நிக்குது. சரியா?"

"மெஷின் மட்டுமா நிக்குது," என்று முணுமுணுத்தாள் பின்னல்காரி.

"இதைக் கேளுங்க," என்றார் தலைவர். "சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவுக்கு வரலைன்னா, உங்கள்ல ஒருத்தரை வேற ஊர் கிளைக்கு மாத்தச் சொல்லிட்டாங்க மேலிடத்துல."

இருவரும் ஒரே நேரத்தில் பேனா மூடியைக் கடித்தார்கள். இந்த அலுவலகத்துப் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தலைவர். மதியம்கூட ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டார்கள். டப்பாவைச் சுற்றியிருந்த துணியும் முடிச்சும் மட்டும் ஒரே மாதிரி.

"யார் பக்கம் தப்போ அவங்க விடட்டும் சார்," என்றாள் பின்னல்காரி.

"மெஷின் பஞ்சாயத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க முடியாதுன்னு சொல்லுங்க சார். ரெண்டு பக்கமும் தப்பு இல்லாமலே இப்படி முட்டிக்கிட்டு நிக்கலாம்." கண்ணாடிக்காரி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஒவ்வொரு வேலைக்கும் பிறக்கும்போதே ஒரு வரிசை எண் உண்டு. எது முதல்ல பிறந்ததோ அது விடணும். தீர்ந்தது கதை."

"அப்போ மூத்தது காலம் பூரா விட்டுக்கொடுத்துக்கிட்டே இருக்கணுமா சார்?"

"இல்லை சார். ஒரு தடவை விட்டா அதுக்குப் புது எண் கிடைக்கும். அப்போ அதுதான் இளையது. அடுத்த தடவை மத்தது விடும்."

"விதிவிலக்கே கிடையாதா?"

இதைப் பின்னல்காரி தலைவரிடம் கேட்கவில்லை. கண்ணாடிக்காரியை நேராகப் பார்த்துக் கேட்டாள். கண்ணாடிக்காரியோ தலைவரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"கிடையவே கிடையாது சார்."

"எனக்குச் சம்மதம்," என்று கோப்பையை விட்டாள் பின்னல்காரி.

இவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாள் என்று தலைவர் எதிர்பார்க்கவில்லை. விட்டால் மனம் மாறிவிடுவார்களோ என்று, மேலிடத்தில் சொல்ல எழுந்து ஓடினார். பாதி வழியில்தான் கைப்பேசியை மேசையிலேயே விட்டு வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே பின்னல்காரியின் குரல் 'சார்' போடாமல் கேட்டது.

"அப்போ விதிப்படி நீதான் முதல்ல பேசணும். ரெண்டு மாசமா ஒரே வீட்டுல நாம பேசாம இருக்கோம், ஒரே குழம்பை அம்மா ரெண்டு சட்டியில வைக்கிறா."

பேனா மூடி மேசையில் விழுந்தது.

"சரிடி தங்கச்சி, என் வண்டியிலேயே வா... அடுத்த சண்டைக்கு நீதான் முதல்ல பேசணும், ஞாபகம் வெச்சுக்கோ."