அணையாத கம்ப்யூட்டர்

“மணி ஆறே கால். இன்னும் அணையல பாருங்க!” டைப்பிஸ்டின் திரையைக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் காட்டிப் பொரிந்தார் மேனேஜர். “வீட்டுக்குப் போறப்ப ஆபீஸ் ஃபைலை எல்லாம் இந்தம்மா எங்கேயோ அனுப்புறாங்க. கையும் களவுமா பிடிச்சுக் கொடுங்க. நாளைக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

“சத்தியமா எனக்கு எதுவும் தெரியாது சார்.” டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மெக்கானிக் சிறிது நேரம் தட்டிப் பார்த்தார். “அனுப்புறது உண்மைதான் சார்.”

“நான் சொல்லல?”

“நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்கிரீனைப் படம் பிடிச்சு வச்சு, அணைக்கறப்ப மொத்தத்தையும் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்புது. அதுல இடமே இல்ல. அதான் இழுக்குது. இங்க எல்லா கம்ப்யூட்டர்லயும் இதே கதைதான்.”

“எவனோட கம்ப்யூட்டர் அது?”

மெக்கானிக் கண்ணாடி அறையைக் காட்டினார். “உங்களோடது சார். வேவு பார்க்க நீங்கதான் போடச் சொல்லியிருக்கீங்க. மூணு வருஷமா ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கலையா?”

மேனேஜரின் குரல் இறங்கியது. “சத்தமில்லாம அழிச்சிடுங்க. ஒருத்தர் காதுக்கும் போகக் கூடாது.”

பின்னால் யாரோ செருமினார்கள். திரும்பினார். பையும் கையுமாகப் பதினான்கு பேர் நின்றிருந்தார்கள்.

“நீங்கல்லாம் இன்னும் போகலையா?”

டைப்பிஸ்ட் தன் திரையைக் காட்டினார். “கம்ப்யூட்டர் அணையாம யாரும் கிளம்பக் கூடாதுன்னு நீங்கதானே சார் சட்டம் போட்டீங்க?”