கேட்டே ஆகவேண்டிய கேள்வி

சக்கர நாற்காலியில் வந்தது அவளுடைய கணவர். தள்ளிக்கொண்டு வந்தது மாடி வீட்டுக்காரி.

அவசரப் பிரிவின் வாசலில் நின்று, வருகிறவர்களில் யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று முடிவு செய்கிற நர்ஸ் அவள். அவரைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தியிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

அதற்கும் முன்னால் கண்ணில் பட்டது மாடி வீட்டுக்காரியின் ஈரத்தலை. தோளில் துண்டு. காலில் இவருடைய செருப்பு.

"அண்ணன் படிக்கட்டுல அப்படியே உக்காந்துட்டாரு அக்கா!"

அண்ணனாம்.

கைகள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தன. படுக்கையில் ஏற்றி, ஒயர்களை ஒட்டி, இ.சி.ஜி. தாளை இழுத்தாள். கோடுகள் மேலேறி நின்றன. மாரடைப்புதான். டாக்டருக்குக் குரல் கொடுத்துவிட்டு, மென்று விழுங்கும் மாத்திரையை அவர் வாயில் போட்டாள்.

"நீ தள்ளிக்கோ, நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தொட்டாள் கூட வேலை செய்பவள்.

அவள் நகரவில்லை. கடமை உணர்ச்சி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கட்டிலின் அந்தப் பக்கம் மாடி வீட்டுக்காரி அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாகக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இந்தப் பக்கத்தை எப்படி விட்டுக்கொடுப்பது?

நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார் டாக்டர்.

மாத்திரையை எடுத்தவள் நின்றாள். நெஞ்சுவலியோடு வருகிறவர்களின் முகம் பெரும்பாலும் வெளுத்துக் கிடக்கும். இவருடைய கன்னமும் காதுமடலும் சிவந்திருந்தன. பிரஷர் வேறு தாழ்ந்திருந்தது.

இந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன் ஆண்களிடம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தாத்தாக்களிடம்கூட மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்பாள். இதுவும் அவர்கள் போடுகிற இன்னொரு மாத்திரையும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும். ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

காதருகே குனிந்தாள். "ஏங்க... ஆம்பளைங்க போடுற அந்த மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக் காலம் ஓடிப்போன வீடு அது. அங்கே அந்த மாத்திரைக்கு என்ன வேலை?

"டாக்டர், இது வேண்டாம். அந்த மாத்திரை போட்டிருக்காரு."

மெல்லச் சொல்லியிருக்கலாம். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மாடி வீட்டுக்காரி தலை குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு போதும், இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நல்லவேளை கேட்டீங்க சிஸ்டர். உடனே அடைப்பை எடுத்துடலாம், பொழைச்சுக்குவாரு" என்று டாக்டர் முன்னால் விரைந்தார்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வரை வந்தாள். இந்த நேரத்தில் நோயாளியைப் படபடக்க வைக்கக் கூடாது. புது நர்ஸுகளுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான்.

"யாருக்காகப் போட்டீங்க?"

அவர் கண்ணைத் திறந்தார். கேள்வி புரியாதவர்போல அவளையே பார்த்தார்.

"என்னடி கேக்குற? இன்னிக்கு மத்தியானமே வந்துடுவேன்னு காலைல நீதானே சொல்லிட்டுப் போன?"

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது.

சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். டூட்டி முடிகிற நேரத்தில் கூட வேலை செய்பவள் ஒருத்தி கெஞ்சிக் கேட்டதும், அவளுடைய ஷிஃப்டையும் சேர்த்துப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டாள். வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றே தோன்றவில்லை.