திட்டுவதற்கு ஓர் ஆள்

"ஓப்பன் சோர்ஸ் மெயில் சர்வரை ஊரே கூடி எழுதுதுன்னு சொல்றே. அது கெட்டுப் போனா ஊரையேவாம்மா திட்ட முடியும்?"

மேனேஜரின் கவலை அவருக்கு. பழைய சர்வர் வாரம் தவறாமல் மெயிலை விழுங்கும். அவரும் அதை விற்ற கம்பெனிக்கு போன் போட்டு, கட்டடம் ஆடத் திட்டுவார். அப்புறம்தான் அவருக்குக் காபியே இறங்கும்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கோ புதியதற்கு மாற இன்றைக்குள் அவர் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியோடு இன்னும் மூன்று வருஷம் மாரடிக்க வேண்டும்.

"இதுக்கும் திட்ட ஆள் இருக்கு சார். சோதனைக்குப் போட்ட புது சர்வர்ல உங்க காலண்டர் காலையிலேருந்து திறக்கல. திட்டிப் பாருங்க," என்று ஒரு நம்பரை அழுத்திக் கொடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்ற இழுவையே இல்லை. மேனேஜர் பொரிந்து தள்ளியதில் மேஜை விளக்கு நகர்ந்தது. "தப்புதாங்க, நீங்க கோவப்படறது நியாயம்தாங்க," என்று ஒரு பெண்குரல் பதமாகக் கேட்டுக்கொண்டது. அதற்குள் இவள் கீபோர்டில் நாலு தட்டுத் தட்ட, காலண்டர் திறந்தது.

"இதுவல்லவா சர்வீஸ்," என்று உருகிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் மேனேஜர்.

அவள் அதே நம்பருக்கு மறுபடி பேசினாள்.

"அத்தை, கையெழுத்து வாங்கிட்டேன்."

"இதெல்லாம் ஒரு திட்டாம்மா? மூக்குக் கண்ணாடியைக் காணோம்னா உன் மாமனார் திட்டுறதுல கால்வாசி வராது," என்றாள் மாமியார். "ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொல்லிடு. மத்தியானம் ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் சர்வீஸ் கிடையாது. நான் தூங்கணும்."